வைட்டமின் என்றுதான் சொன்னேன்

13.7.86, ஞாயிறு

புழுக்கம். சாயங்காலம் நாலு தூறல், அதோடு சரி. மாமா பிரான்சிலிருந்து வந்து இறங்கிவிட்டார். பழைய சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். நாளைக்குப் பதினாலு, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள், அந்த அணிவகுப்பை விடமாட்டார். தன் அண்ணன் வந்துவிட்டால் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்காது.

பெட்டி திறப்பு வழக்கம் போல. அம்மாவுக்கு சோப்பு, அண்ணனுக்கு பிளேடு, அண்ணிக்கு செண்ட், தெருவுக்குத் தலைவலி மாத்திரை, வயிற்றுவலி மாத்திரை. பிரான்சு மாத்திரை என்றால் எங்கள் நெல்லித்தோப்பில் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கையை நீட்டி வாங்கி, வாயில் போட்டுக்கொள்வார்கள்.

எனக்கு: பருவுக்கு மாத்திரை, டப்பா டப்பாவாக. மாமா மகனுக்கு அங்கே டாக்டர் கொடுத்தது. அவன் முகம் தேறிவிட்டது, மிச்சம் எனக்கு. போட்டோ காட்டினார். உரித்த முட்டை மாதிரி முகம். நம்ப முடியவில்லை.

"என்னா முசே என்ஜினீர், மூஞ்ச இப்பிடி வெச்சிக்கினு எந்த ஊட்ல போயி பொண்ணு கேக்கறது?"

டிப்ளமோதான் என்று ஆறு வருடமாகச் சொல்கிறேன். மாமா காதில் ஏறாது.

14.7.86, திங்கள்

காலை ஷிப்ட். மாமா மெடல்களோடு கடற்கரைக்கு. நான் மில்லுக்கு. மூன்றாம் நம்பர் பேனலில் ரிலே எரிந்துவிட்டது. மாற்றிக்கொண்டிருக்கும்போது ஃபிட்டர்: "சார், பணியாரச் சட்டி இன்னைக்கி நல்லா காஞ்சிருக்கு போல." பசங்கள் சிரிப்பு. ஸ்பேனரை எறிந்திருக்கலாம். எறியவில்லை.

இரவு சட்டையைக் கழற்றினால் முதுகோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. தலையணை உறை மறுபடி ரத்தம். அண்ணி உறையை ஊறப் போட்டாள். எப்போதும் அவள்தான்.

16.7.86, புதன்

அரை நாள் லீவு. தோல் டாக்டர். டப்பாவைப் பார்த்ததும் கோபம்.

"யாரு எழுதிக் குடுத்தா?"

மாமா மகனுக்கு எழுதியது என்றேன்.

"அவரு பையன் கண்ணாடி போட்டிருந்தா அதையும் வாங்கி மாட்டிக்குவீங்களா?"

பிறகு சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகை விரலால் அழுத்திப் பார்த்தார். டெட்ராசைக்ளின் ஒரு வருடம் சாப்பிட்டும் பலனில்லை என்றேன். "நீங்களா முழுங்கறதுக்கு நான் பாத்துக் குடுக்கறது மேல்" என்றார். சொன்னவை:

– எடைக்குத் தக்க அளவு. மாமா மகன் அளவு எனக்கு ஆகாது.
– சாப்பாட்டோடு. எண்ணெய், நெய் கொஞ்சம் இருக்க வேண்டும், இல்லையேல் உடம்பில் சேராது.
– முதலில் ரத்தச் சோதனை. ஈரல், கொழுப்பு. பிறகு மாதாமாதம்.
– இது வைட்டமின் ஏ ஜாதி. அதனால் வேறு வைட்டமின் ஏ, மீன் எண்ணெய் கூடாது. டெட்ராசைக்ளினும் கூடாது.
– குடி வேண்டாம். வெயில் வேண்டாம்.
– உதடு வெடிக்கும். மூக்கில் ரத்தம் வரலாம். முதலில் பரு அதிகமாகும். பார்வை மங்கினால், தலை பிளந்தால், மனது சரியில்லாமல் போனால் உடனே போக வேண்டும்.
– வீட்டுப் பெண்கள் எடுக்கும்படி வைக்கக் கூடாது. கருவைக் கெடுக்கும்.

கடைசி ஒன்றை எழுதும்போதே, எனக்கென்ன என்றுதான் தோன்றுகிறது.

21.7.86, திங்கள்

ரத்த ரிப்போர்ட் சரி. ஆரம்பித்தாயிற்று. சாப்பாட்டோடு என்பதால் டப்பாக்கள் சமையலறை அலமாரியில், ஊறுகாய் ஜாடி பக்கத்தில். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால் கைக்கு எட்டும்.

அம்மா கேள்வி மேல் கேள்வி. என்னாடா மாத்திரை, எதுக்குடா, ஊசி போட்டா ஆவாதா. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. "வைட்டமின்மா. ஏ வைட்டமின். போதுமா?" என்று கத்திவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

3.8.86, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. வீட்டில் சித்ரான்னம். அண்ணியின் அப்பா தவளக்குப்பத்திலிருந்து வரிசை கொண்டுவந்தார். கல்யாணமாகி மூன்று வருடமாயிற்றே, இன்னும் ஒன்றும் இல்லையே என்று அவரும் அம்மாவும் கூடத்தில் கிசுகிசு. அண்ணி உள்ளே பாத்திரத்தை உருட்டினாள், கேட்கிறது என்று தெரியட்டும் என்று.

எனக்கு முகம் முன்னைவிட மோசம். டா. சொன்னபடிதான். உதடு பாளம் பாளமாக வெடிப்பு, வாய் விட்டுச் சிரித்தால் ரத்தம். சிரிக்க ஒன்றுமில்லை, அதனால் பாதகமில்லை.

24.8.86, ஞாயிறு

இரண்டாவது ரத்தச் சோதனை. கொழுப்பு கொஞ்சம் ஏற்றம், பரவாயில்லை என்றார். முகத்தில் புதிதாக ஒன்றும் வரவில்லை. முதல் முறையாக ஷேவ் செய்தபோது வெட்டுப்படவில்லை. மாமா ஊருக்குப் புறப்படுகிறார், இன்னும் டப்பா அனுப்புவாராம். "மெர்சி சொல்லுடா" என்றார். சொன்னேன். மனதார நன்றிதான்.

7.9.86, ஞாயிறு

காலையில் அண்ணன் கோழி வாங்கி வந்தான். லாரி பட்டறைக்காரன், ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு முன்னால் எழுந்ததே கிடையாது. அம்மா விளக்கேற்றி அழுகிறாள். அண்ணிக்கு நின்றிருக்கிறதாம். ஆஸ்பத்திரியில் சோதித்தும் சொல்லிவிட்டார்கள்.

"சித்தப்பன் ஆயிட்டடா, இனிமே மொறைக்காத" என்று அண்ணன் முதுகில் அடித்தான். வலித்தது. சந்தோஷமாக இருந்தது.

மத்தியானம் அண்ணி குழம்பு ஊற்றக் குனிந்தாள். உதட்டைப் பார்த்தேன். இரண்டு ஓரமும் வெடிப்பு. நடுவில் பாளம், தோல் சுருண்டு நிற்கிறது. கண்ணாடியில் தினமும் பார்ப்பதுதான்.

ஒரே பழுது இரண்டு இடத்தில் இருந்தால் மூலம் ஒன்று. இது வேலையில் நான் தினமும் சொல்வது.

"அண்ணி, உதட்டுக்கு என்ன?"

"தெரியல தம்பி. பனி சீக்கிரம் வந்துடுச்சோ என்னாவோ."

செப்டம்பரில் என்ன பனி. அலமாரிக்குப் போனேன். பின் வரிசை டப்பாக்கள் காலி. அம்மா பின்னாலேயே வந்து நின்றாள், பெருமையாக.

"நான்தான்டா குடுத்தேன். ஆடிப்பெருக்கன்னிக்கி, நல்ல நாளுன்னு ஆரம்பிச்சேன். நர்சம்மா ஒடம்புல சத்து இல்லன்னாங்களே. நீதான வைட்டமின்னு சொன்ன. பிரான்சு வைட்டமின். பாரு, ஒரே மாசத்துல ஆண்டவன் கண்ணத் தொறந்துட்டான்."

கையைக் கழுவாமல் நின்றேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அண்ணன் எழுந்து வந்தது நினைவிருக்கிறது.

மீதி டப்பாக்கள் என் டிரங்குப் பெட்டிக்குள். பூட்டினேன். இரவு நான் மாத்திரை போடவில்லை.

8.9.86, திங்கள்

தோல் டா. என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பிரசவ ஆஸ்பத்திரி லேடி டாக்டருக்குக் கடிதம் எழுதித் தந்தார். எழுதும்போது இரண்டு முறை பேனாவை மூடித் திறந்தார்.

10.9.86, புதன்

நாங்கள் மூவர். அம்மாவை வரவேண்டாம் என்றோம். லேடி டாக்டர் கடிதத்தைப் படித்துவிட்டு அண்ணியைப் பார்த்துத்தான் பேசினாள், எங்களைப் பார்க்கவில்லை. கரு பிடித்த நாட்களிலேயே சாப்பிட்டிருக்கிறது. இனி நிறுத்துவதால் ஆனது ஆகாமல் போகாது. காது, மண்டை, மூளை, இதயம், எதுவும் கோணலாகலாம். தானாகவே கலைந்தும் போகலாம்.

"நிச்சயமா அப்பிடித்தானா டாக்டர்?" அண்ணன்.

"நிச்சயம்னு சொல்ல முடியாது. நல்லாவும் பொறக்கலாம். ஆனா எங்கிட்ட இருக்கற எந்தப் புத்தகமும் தைரியம் சொல்லல."

மெட்ராஸில் ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்டேன். இந்த வாரங்களில் அதில் ஒன்றும் தெரியாதாம். தெரிகிற அளவுக்கு வளர்ந்தபின் முடிவெடுப்பது இன்னும் கஷ்டமாம்.

வெளியே வேப்பமரத்தடியில் அண்ணன் என் சட்டையைப் பிடித்தான். "நீ மிஷின் பாக்கறவன்தானடா. ஓடுமா ஓடாதான்னு பாத்த ஒடனே சொல்லுவியே. சொல்லு இப்ப."

தெரியாது என்றேன். இன்னும் பிடித்துக்கொண்டிருந்தான். தெரியாதுண்ணே என்றேன் மறுபடி. அண்ணிதான் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

12.9.86, வெள்ளி

அம்மா சாப்பிடவில்லை. கூடத்து மூலையில் உட்கார்ந்து சுவரிடம்: "வைட்டமின்னுதான சொன்னான். வைட்டமின்னுதான சொன்னான்." குற்றம் சொல்லும் குரலில்லை. கணக்குத் தப்பிப்போன குழந்தை திரும்பத் திரும்பச் சொல்லிப்பார்க்கிற மாதிரி.

டா. சொன்னார். கேட்டுக்கொண்டேன். பூட்டவில்லை. அம்மா கேட்டாள். விளக்கவில்லை. விளக்க எத்தனை நேரம் ஆகியிருக்கும்? ஷிப்டுக்கு அன்று சீக்கிரமாகவே போய்ச் சேர்ந்தேன், டீ வேறு குடித்தேன்.

14.9.86, ஞாயிறு

அண்ணியின் அப்பா வந்தார். பெற்றுப் பார்ப்போம், நம்ம குலதெய்வம் பார்த்துக்கொள்ளும் என்றார். அம்மா தலையாட்டினாள். அண்ணன் தரையைப் பார்த்தான். எல்லாரும் பேசி முடித்தபின் அண்ணி:

"வயிறு என்னுது. நான் சொல்றேன். தெனம் காலைல எழுந்து அதுக்குக் காது இருக்குமா, அறிவு இருக்குமான்னு ஒம்போது மாசம் என்னால நெனைக்க முடியாது. பொறந்தப்புறம் அது படறதப் பாக்க அதவிட முடியாது. புதங்கெழம போறேன்."

"அம்மாடி..." என்று அவர் ஆரம்பித்தார். நிறுத்தினாள்.

"ஒன்னு மட்டும் செய்யுங்கப்பா. கடவுள் குடுத்தாரு, கடவுளே எடுத்துக்கினாருன்னு யாரும் வந்து எங்கிட்ட சொல்லக் கூடாது."

17.9.86, புதன்

மேகமூட்டம், மழை இல்லை. காலை எட்டுக்கு உள்ளே. பதினொன்றுக்கு முடிந்தது என்றார்கள்.

பிற்பகல் ரத்தப்போக்கு நிற்கவில்லை. ரத்தம் வேண்டும் என்றார்கள். அண்ணன் குரூப் சேரவில்லை. என்னுடையது அதே குரூப். நர்சம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வாசற்படியில் லேடி டாக்டர்: "இவர்தானே மாத்திரைக்காரர்? எப்ப நிறுத்தினார்?" பத்து நாளாயிற்று என்றேன். மருந்து ரத்தத்தில் இருக்கும், ஒரு மாதமாவது ஆக வேண்டும், இவர் வேண்டாம், வேறு ஆள் பாருங்கள் என்றாள்.

அண்ணி போட்ட சோற்றை இத்தனை நாள் இதே கையால் சாப்பிட்டவன். உள்ளங்கையை மூடிக்கொண்டு திரும்பினேன். அண்ணன் பார்த்தான். பட்டறைக்குச் சைக்கிள் மிதித்தேன். கிரீஸ் கையோடு நாலு பேர் வந்தார்கள். இரண்டு பேருடையது சேர்ந்தது. "எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்கோங்கம்மா, நமக்கு ஊறிக்கினேதான் இருக்கும்" என்று ஒருவன் நர்சிடம். இருட்டுவதற்குள் நின்றுவிட்டது.

21.9.86, ஞாயிறு

அண்ணி வீட்டுக்கு வந்தாள். ரிக்ஷாவிலிருந்து இறங்கித் தானே நடந்தாள். அம்மா வெந்நீர் வைத்து, எதிரே போக முடியாமல் அடுப்படியிலேயே நின்றாள். அண்ணி உள்ளே போய் அம்மா தோளில் தலையை வைத்ததைப் பார்த்தேன். கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

மில்லில் வெள்ளிக்கிழமை ஃபிட்டர்: "சார், மூஞ்சி பளபளங்குது. எந்த டாக்டரு? என் மச்சானுக்குச் சொல்லுங்க." அந்த மச்சான் வேறு எங்காவது வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று, முதல் முறையாகப் பொறுமையாக உட்கார்ந்து முழுக்கச் சொன்னேன். ரத்தச் சோதனை, அளவு, பூட்டு, எல்லாம். "மச்சானுக்குக் கல்யாணமாயிடுச்சா? சம்சாரத்துக் கண்ணுல படாம வைக்கணும். ஒரு டப்பாகூட யாருக்கும் குடுக்கக் கூடாது." விழித்தான். "இன்னா சார், ஒரு பருவுக்கா இவ்ளோ" என்றான்.

28.9.86, ஞாயிறு

நல்ல மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். அண்ணன் பேசினான்: "சைக்கிள உள்ள எடுத்து வை." வேப்பமரத்தடிக்குப் பிறகு என்னிடம் முதல் பேச்சு.

மத்தியானம் அண்ணி சோறு போட்டாள். வஞ்சிர வறுவல். கொஞ்சம் கூடவே எண்ணெய்.

"தம்பி, மூக்குப் பக்கத்துல திரும்ப ரெண்டு வந்திருக்கு."

வரட்டும் என்றேன்.

"நிறுத்திட்டீங்களா?"

தலையாட்டினேன்.

"டாக்டரு நிறுத்தச் சொன்னாரா?"

இல்லை.

"அப்ப நிறுத்தாதீங்க. அந்த மாத்திர ஒருத்தருக்காவது ஒதவட்டும்."

சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் நகரவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வெச்சிருக்கீங்க?"

பெட்டியில், பூட்டி, என்றேன்.

"போயி எடுத்துக்கினு வாங்க. சோறு ஆறுது."

எழுந்து போனேன்.