சாயப்பட்டறை ட்ரம்மும் உன் மல்லியும்

என் சரசுவுக்கு,

நலமா என்று கேட்கும் வழக்கத்தை உன் விஷயத்தில் விட்டுவிடுகிறேன். வேலம்பாளையத்தில் நான் நலம். உன் தோட்டம் நலமில்லை. உன் தம்பி சண்முகம் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

ரோட்டிலிருந்து பார்த்தால் அழகாக இருக்க வேண்டும் என்றுதான் ஊரில் எல்லோரும் தோட்டம் போடுகிறார்கள். நீ பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று திட்டம் போட்டாய். வேலை செய்கிறவள் நிமிர்ந்தால் மல்லிப் பந்தல், கை நீட்டினால் கறிவேப்பிலை, ரோஜாவுக்குக் காலை வெயில். நடுவில் இரண்டடி வழி, என் வேட்டி முள்ளில் மாட்டாமலிருக்க. கம்பியால் கட்டினால் தண்டு அறுபடும், கொடியை என் பனியன் கம்பெனி வெட்டுத்துணியால்தான் கட்ட வேண்டும் என்பாய். வெளிநாட்டுக்காரன் வேண்டாமென்று தள்ளிய நிறமெல்லாம் நம் பந்தலில்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகச் சொன்னதும் என்னைப் பற்றியல்ல. "செடிக்குத் தண்ணி ஊத்தீருங்க."

கோடையில் குழாய்த் தண்ணீர் குறைந்தது. சண்முகம் பல்லடத்திலிருந்து ஒரு நீல ட்ரம்மைக் கொண்டுவந்து இறக்கினான். சாயப்பட்டறையில் கழித்தது. நீ இருந்தவரை அந்த மாதிரி ட்ரம்மை வாசல் கேட்டுக்குள்ளேயே விட்டதில்லை.

"அக்கா செடி காயக்கூடாதுங்க மாமா. நானே கழுவீட்டனுங்க," என்றான். அழுதுகொண்டு வருகிறவனின் ட்ரம்மை எப்படித் திருப்பி அனுப்புவது?

அதில் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். ரோஜா கருகியது. போதவில்லை போலும் என்று இன்னும் ஊற்றினேன். கறிவேப்பிலை போயிற்று. நம் கல்யாண வருஷம் நட்டதென்று வருகிறவர்களிடமெல்லாம் நான் காட்டும் அந்த மல்லியும் போயிற்று. மகள் கவிதா வாங்கிவந்த பிளாஸ்டிக் கொடி மட்டும் செழிப்பாக இருக்கிறது. அதற்கும் ஊற்றினேன்.

உன் வருஷத் திதிக்கு ஒரு வாரம் முன்பே கவிதா வந்தாள். படத்துக்கு அம்மா மல்லிதான் என்று கையில் நூலோடு பின்பக்கம் போனாள். நான் கூடப் போகவில்லை. வெறும் நூலோடு திரும்பிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழுவாதீங்கப்பா. அம்மாவே இதை ரெண்டு தடவ சாவடிச்சிருக்காங்க. நீங்க கம்பெனிக்குப் போனதும் நர்சரில வாங்கி நட்டுட்டு, உங்ககிட்ட மூச்சு விடல."

நான் பெருமை பேசும்போதெல்லாம் நீ பக்கத்தில் நின்று தலையாட்டினாயே, சரசு. என் மேல் இரக்கமா, இல்லை என் பேச்சு சீக்கிரம் முடியட்டும் என்றா?

சாயம் ஊறிய மண்ணை முழங்கால் ஆழம் தோண்டி வெளியே கொட்டினோம். புதுச் செம்மண் போட்டு, திதிக்கு முன்பே வேறு மல்லி நட்டு, பழைய துணிகளாலேயே கட்டினோம். ட்ரம் கவிழ்ந்து கிடக்கிறது. சண்முகம் வந்தால் அதன்மேல்தான் உட்கார்ந்து காபி குடிக்கிறான்.

"அக்கா வெச்ச மல்லிதானுங்களே மாமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறான்.

தலையாட்டுகிறேன். உன்னளவுக்கு இன்னும் வரவில்லை. பழகிக்கொள்வேன். அவன் கேட்கும் காலம்வரை ஆட்டுவேன், இது சத்தியம்.

இன்னமும்
உன் ஊட்டுக்காரரு