கூரையையும் சேர்த்து

மார்ச் 3, செவ்வாய்

இன்று இரண்டே கார். ஒன்றின் பின்சீட் முழுக்க நாய் முடி. நாத்தனார் அதைச் சுரண்டி உருட்டி எடுத்துவிட்டு, "இதை வெச்சு இன்னொரு நாயே செஞ்சிடலாம் அண்ணி" என்றாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சொன்னாள், துணிக்கடை முதலாளி மறுபடி கூப்பிட்டாராம். அவளுடைய பழைய பில் போடும் வேலை காலியாம். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம்.

"போகப் போறியா?"

"இங்க ஏதாவது தேறினா நான் ஏன் போறேன்?"

கார் கழுவிப் பாலிஷ் போட இந்த ஷெட்டை வாடகைக்கு எடுத்து எட்டு மாதம். பாலிஷ் மெஷின் என் கையில், கண் அவளுடையது. நான் விட்டுவிட்ட இடத்தை அவள்தான் காட்டுவாள். அவள் இல்லாமல் இந்த ஷெட்டா? வேண்டாம், இதைப் பற்றி எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 4, புதன்

மோட்டார்ஹோம்! கார் இல்லை, வேன் இல்லை. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி!

கூப்பிட்டது பல் டாக்டர் அம்மா. அவருடைய காரை இரண்டு முறை கழுவியிருக்கிறோம். பழைய மோட்டார்ஹோம் ஒன்று வாங்கியிருக்கிறார்களாம். வெளிப்பக்கம் மட்டும் புதுசு மாதிரி ஆகணும், இருபதாம் தேதி கணவரோடு மூன்று மாதப் பயணம். "எவ்வளவு ஆகும்?" என்றார். என் வாயில் ஒரு தொகை வந்தேவிட்டது. நாத்தனார் போனைப் பிடுங்கி, "பார்த்துட்டுச் சொல்றோம் டாக்டர்" என்று வைத்தாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வீட்டில் இவரிடம் படத்தைக் காட்டினேன். "நம்ம வீட்டை விடப் பெருசா இருக்கே, குடி போயிடலாமா?" என்கிறார்.

மார்ச் 6, வெள்ளி

பார்த்தாயிற்று. நீளம் இருபத்து நாலு அடி. வெள்ளை என்று சொல்வதற்கில்லை, பழைய சுவர் நிறம். கையை வைத்துத் தேய்த்தால் சுண்ணாம்பு போல் தூள் ஒட்டுகிறது. ஃபைபர் உடம்பு, வருஷக்கணக்காக வெயிலில் நின்றிருக்கிறது. பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள், மை வழிந்த மாதிரி.

டேப் ஒட்டி இரண்டடிக்கு இரண்டடி கட்டம் ஒன்று கட்டினோம். மெஷினை ஓட்டினேன், நாத்தனார் நேரம் பார்த்தாள். பதினைந்து நிமிடம். டேப்பை உரித்ததும் மூன்று பேரும் கிட்டே போய்ப் பார்த்தோம். அந்தக் கட்டத்தில் டாக்டரின் முகம் தெரிந்தது! "ஐயோ, இது நம்ம வண்டியா?" என்று அவரே கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டது அப்புறம்தான். சோதனைக் கட்டத்தை யாராவது வாசல் கதவுக்குப் பக்கத்தில், கண்ணுக்கு நேரே போடுவார்களா? கீழே மூலையில் போட்டிருக்க வேண்டும். இனி வேலை கிடைக்காவிட்டால் அந்தப் பளபள சதுரத்தோடுதான் அவர் ஊர் சுற்றணும். ஆசை அவசரம், வேறென்ன.

ஜன்னல் போக மொத்தம் தொண்ணூற்றெட்டுக் கட்டம். மெஷின் வேலை மட்டும் இருபத்து நாலரை மணி நேரம். கழுவ, ஸ்டிக்கருக்கும் ரப்பருக்கும் டேப் ஒட்ட, கடைசியில் மெழுகு போட... நாலு நாள்.

மார்ச் 7, சனி

விலை சொன்னேன். நாற்பத்திரண்டாயிரம்.

டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியைப் பார்த்தார். எதிரில் நிற்பவர் சும்மா இருந்தால் எனக்குத் தாங்காது. "முப்பத்தெட்டுக்கே முடிச்சுடலாம் டாக்டர்" என்றேன். நானே! யாரும் கேட்காமல்! நாத்தனார் என் காலை மிதிக்கிறாள், மிதித்த காலோடு மேலும் பேசுகிறேன்: "மெழுகு ஃப்ரீ."

"சரி" என்றார் டாக்டர். அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் நாத்தனார் கேட்டாள், "அவங்க சாவி எங்க வெச்சோம்னு யோசிச்சிருந்தா கூட நீ குறைச்சிருப்பே, இல்ல?"

இருந்தாலும் வேலை கிடைத்தது. எங்கள் ஷெட்டின் மிகப் பெரிய வேலை! பஸ்ஸில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

கூரை.

கூரையை மறந்துவிட்டேன்!

காலையில் துணி காயப்போடும்போது எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தேன். போன வருஷம்தான் அடித்த வெள்ளை. மொட்டை மாடி ஓரத்திலிருந்து கறுப்புக் கோடாக வழிந்திருக்கிறது. மாடியில் சேர்ந்த அழுக்கை மழை கீழே இழுத்து வருகிறது. பார்த்துக்கொண்டே நின்றேன், கையில் இவருடைய சட்டை சொட்டிக்கொண்டு. வண்டியின் கோடுகளும் அப்படித்தான்! மேலே கழுவாமல் பக்கத்தைப் பாலிஷ் போட்டால் முதல் மழையிலேயே பழைய கதை. தொண்ணூற்றெட்டுக் கட்டமும் போச்சு.

இரண்டு பேர் போய் அளந்தோமே, ஒருத்தியாவது நிமிர்ந்து பார்த்தோமா? கார் கழுவிப் பழகிய கழுத்து. காருக்குக் கூரை நம் நெஞ்சுக்கு நேரே இருக்கும், தனியாக நினைக்கவே வேண்டாம்.

மார்ச் 9, திங்கள்

சண்டை. கூரைக்கு ஒரு முழு நாள். பெயின்டரிடமிருந்து சாரம் வாடகைக்கு எடுக்கணும். மேலே பலகை போட்டுத்தான் மண்டி போட முடியும், காற்றுத் துளை மூடிகள் உடைந்தால் நம் தலையில். எல்லாம் சேர்த்து இன்னும் ஒன்பதாயிரம். இதை யார் தருவது?

நான் சொன்னேன், சத்தம் போடாமல் நம்ம கைக்காசிலேயே செய்துவிடலாம்.

நாத்தனாருக்கு வந்ததே கோபம். "எட்டு மாசமா அதானே பண்றோம்? நீ குறைப்பே, நான் முதுகு ஒடியத் தேய்ப்பேன். எனக்கு இந்த வேலை பிடிக்கும் அண்ணி. பிடிக்கலன்னா நான் எப்பவோ போயிருப்பேன். ஆனா இப்படியே போச்சுன்னா துணிக்கடைதான்."

அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு என் வாயைத் தைத்துவிட வேண்டும் போலிருந்தது.

நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்றேன். விலையைக் கூட்டுவதற்கு! குறைக்கத் தெரிந்த எனக்குக் கூட்ட எப்படி வரும்? டாக்டர் வேண்டாம் என்றுவிட்டால்?

மார்ச் 10, செவ்வாய்

முழுசா எழுதணும்.

காலை பத்து மணி. நாத்தனார் ஒரு டம்ளர் தண்ணீரை என் முன்னால் வைத்தாள். "விலையைச் சொன்ன உடனே ஒரு வாய் எடு. முழுங்காதே. அவங்க பேசற வரைக்கும் வாய்லயே இருக்கட்டும்."

"பைத்தியமா உனக்கு?"

"எடு."

கூப்பிட்டேன். தப்பை மறைக்காமல் சொன்னேன். கூரையை அளக்க மறந்துவிட்டோம், அதைச் செய்யாமல் மற்றதைச் செய்தால் உங்கள் பணம் வீண், எல்லாம் சேர்த்து நாற்பத்தேழாயிரம். சொன்னதும் தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டேன்.

அந்தப் பக்கம் சத்தமில்லை.

ஐயோ, எவ்வளவு நேரம்! என் நாக்கு நாற்பத்தஞ்சு, நாற்பத்தஞ்சு என்று துடிக்கிறது. கன்னம் இரண்டும் பந்து. நாத்தனார் என் எதிரில் பேய் முழி முழித்துக்கொண்டு ஒரு விரலை ஆட்டுகிறாள்.

"லைன்ல இருக்கீங்களா?"

"ம்ம்."

"இன்னும் ரெண்டு இடத்துல கேட்டிருந்தேன். ரெண்டு பேரும் உங்களை விடக் கம்மி. கூரையைப் பத்தி யாரும் பேசலை. என்கிட்டயும் அப்படித்தான் வருவாங்க. முன்பல்லை மட்டும் வெள்ளையாக்குங்க டாக்டர்னு. பின்னாடி பூரா சொத்தையா இருக்கும். சொன்னா சில பேர் எழுந்தே போயிடுவாங்க. நீங்க கூரையையும் சேர்த்துப் பண்ணிடுங்க."

"ம்ம்! ம்ம்!"

"உங்களுக்குப் பல்லுல ஏதாவது பிரச்சினையா?"

துப்பிவிட்டேன். மேஜை, போன், நாத்தனார் எல்லாரும் நனைந்தோம். அவள் முகத்தைத் துடைக்காமலே குதித்தாள். நானும் குதித்தேன்.

மார்ச் 14, சனி

வண்டி ஷெட்டுக்குள் நுழையவில்லை. மூன்று அங்குலம் உயரம் அதிகம். அதையும் அளக்கவில்லை! வெளியே தார்ப்பாய் கட்டி நிழல் போட்டோம், வெயில் பட்டால் பாலிஷ் காய்ந்துவிடும். முதலில் கூரை. நாத்தனார்தான் ஏறினாள். மேலிருந்து வந்த தண்ணீர் காப்பி நிறம். "பார்த்தியா, எல்லாக் கோடும் இங்கதான் குடியிருந்திருக்கு" என்று மேலிருந்து கத்தினாள்.

மார்ச் 16, திங்கள்

நாற்பத்தொரு கட்டம். தோள்பட்டை என்னுடையது இல்லை.

மார்ச் 18, புதன்

தொண்ணூற்றெட்டு! வாசல் பக்கத்துச் சதுரத்தைத் தேடினோம், கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாமே அந்த மாதிரி ஆகிவிட்டது. தெருவில் போகிறவர்கள் நின்று தலை வாரிக்கொண்டு போகிறார்கள். நாத்தனார் மெழுகை ஒரு முறை, பிறகு மனசு கேட்காமல் இன்னொரு முறை போட்டாள். அதற்கு விலை இல்லை, அவள் ஆசைக்குச் செய்தது.

மார்ச் 19, வியாழன்

கொடுத்தாயிற்று. டாக்டர் வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். அவர் கணவர் ஏணி கேட்டு மேலே ஏறிப் பார்த்தார். கூரையைப் பார்க்க ஏறிய முதல் மனிதர்! எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏப்ரல் 2, வியாழன்

காலையிலிருந்து நல்ல மழை. வேலை இல்லை.

பதினொரு மணிக்கு டாக்டரிடமிருந்து படம். அங்கேயும் இரண்டு நாளாக மழையாம். வண்டி ஒரு மரத்தடியில் ஈரமாக நிற்கிறது. நாத்தனார் படத்தைப் பெரிதாக்கி ஓரம் ஓரமாகப் பார்த்தாள். ஒரு கோடு இல்லை. துணிக்கடைக்கு வரவில்லை என்று போன வாரமே பதில் சொல்லிவிட்டதாக அப்போதுதான் சொன்னாள், ஏதோ பால் வாங்கி வந்ததைச் சொல்வது போல.

மத்தியானம் ஒருவர் குடையோடு வந்தார். ஐஸ்கிரீம் வேன் வைத்திருக்கிறார், வெளிப்பக்கம் முழுக்க மங்கிவிட்டதாம். வேன் வாசலிலேயே நின்றது. நனைந்துகொண்டே அளந்தோம், மேலேயும். விலை சொன்னேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டு மழையைப் பார்த்தார். நானும் மழையைப் பார்த்தேன். நாத்தனார் சத்தமில்லாமல் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

அவர் போன பிறகு அந்தத் தண்ணீரை அவளே குடித்தாள். திங்கட்கிழமை வேனைக் கொண்டுவருகிறார்.