செத்த பொம்மை மூச்சு விட்டது

12-5-78, வெள்ளி

நாடகத்தில் ராணியின் மகனாக நடிக்கிற பையனுக்கு அம்மை போட்டுவிட்டது. அவனுக்குப் பதிலாக இன்று அடி அண்ணாமலையில் என் பொம்மலாட்டப் பொம்மை ஒன்றை மேடையேற்றினார்கள். சரிவந்தால் செங்கம் வரை எல்லா ஊருக்கும் என்னைக் கூட்டிப்போவதாகப் பேச்சு.

கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு பின்னால் நின்று கயிற்றை இழுத்தேன். பொம்மை பூப் பறித்தது, பாம்பு கடித்து விழுந்தது. நல்ல கைதட்டல். அப்புறம் ராணி வேஷம் கட்டிய தணிகாசலம் அதை மடியில் போட்டு ஒப்பாரி வைத்தான். முன்வரிசையில் சிரிப்பு. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அவன் அழுகிற குரலிலேயே, "அண்ணே, உன் புள்ள மூச்சு வுடுதுண்ணே" என்றான்.

பார்த்தால், பொம்மையின் நெஞ்சு ஏறி இறங்குகிறது. கயிறு கையில் இருந்தால் என் விரல் சும்மா இருக்காது. நிறுத்தப் பார்த்தேன், இன்னும் நடுங்கியது. பிழைப்பு போச்சு என்று நினைத்துக் கயிற்றை மொத்தமாகக் கீழே போட்டுவிட்டேன். ஆட்டத்தின் நடுவில் நான் கயிற்றை விட்டதே கிடையாது. பொம்மையின் தலை தணிகாசலத்தின் கையிலிருந்து அப்படியே தொங்கியது. சிரிப்பு நின்றது. பெண்கள் மூக்கைச் சிந்துவது எனக்கே கேட்டது.

முடிந்ததும் தணிகாசலம், "செங்கத்துக்கும் வந்துடுண்ணே. சாவுக்கு மட்டும் கைய கட்டிக்கினு நில்லு" என்றான்.

"சரிடி ராணி, மொதல்ல போய் மோவாய செரச்சிக்க" என்றேன்.

வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நானும் இத்தினி வருஷமா சும்மா இருய்யான்னு சொல்றேன், கேட்டியா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.