இரண்டிலும் வெள்ளைப் பூ

ஜூன் 17, செவ்வாய்
அனல். காலையிலிருந்து கரண்ட் இல்லை. தங்கச்சி தேவிக்கு மூன்றாவது சுற்று மருந்து முடிந்தது. புருவமும் கொட்டிவிட்டது.

முழங்காலில் எலும்புப் புற்று. காலை எடுக்க வேண்டுமாம். புதுச்சேரி டாக்டர் என்னிடம்தான் சொன்னார், வீட்டில் இங்கிலீஷ் படித்தவள் நான் ஒருத்தி. பிழைப்பது எதைப் பொறுத்தது என்று கேட்டேன். அவர் சொன்னவை:
– நுரையீரலுக்குப் போயிற்றா: இல்லை. (நல்லது)
– கட்டியின் அளவு: பெரிது.
– சீக்கிரம் வந்தோமா: சுளுக்கு என்று மூன்று மாதம் முட்டைப் பத்து போட்டுக் கட்டு கட்டினோம்.
– மருந்தில் கட்டி செத்ததா: எடுத்த பிறகுதான் தெரியும். இதுதான் முக்கியம்.

நைனா: "ஒத்தக் கால் பொண்ண எவன்டீ கட்டுவான்?" தேவி விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

ஜூன் 22, ஞாயிறு
அமாவாசைக்கு மேல்மலையனூர் ஆத்தா கோயிலில் பூ கேட்டுவிட்டுத்தான் முடிவாம். வெள்ளை வந்தால் எடுக்கலாம், சிவப்பு என்றால் வேண்டாம். இரண்டு பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடிப்பது என் வேலை.

பெரியம்மா வந்தாள். என்னைக் காட்டிச் சொன்னாள்: "பெரியவளுக்கு வந்திருந்தாக்கூட பரவால்ல. இது எப்பவும் மூலையிலதான உக்காந்திருக்குது." எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஜூன் 25, அமாவாசை
ஸ்பெஷல் பஸ். நின்றபடியே. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை வைத்தேன்.

சன்னதியில் நைனா ஒன்றை எடுத்துப் பிரித்தார். அங்கேயே உட்கார்ந்து அழுதார். "இன்னொன்னையும் பிரியேன்" என்றாள் அம்மா. அதற்குள் கூட்டத்தின் காலடியில் போட்டுவிட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்
நேற்று எடுத்தாயிற்று. தேவி போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். "ஆத்தா சொல்லுச்சேன்னு வுட்டேன்கா. நீ சொல்லியிருந்தா செத்தாலும் குடுத்திருக்க மாட்டேன்."

கஞ்சி குடித்தாள். அரை டம்ளர்.

ஜூலை 17, வியாழன்
தூறல். எடுத்த எலும்பின் ரிப்போர்ட் வந்தது. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நின்று மூன்று முறை படித்தேன். கட்டியில் பெரும்பகுதி உயிரோடு. மருந்து கேட்கவில்லை.

வீட்டில் சொல்ல ஒரு பொய் யோசித்து வைத்திருந்தேன்.

"இன்னா எழுதியிருக்குது?" நைனா.

தேவி என் முகத்தையே பார்த்தாள். "இருக்கறத படிக்கா."

படித்தேன். தமிழில், ஒரு வார்த்தை விடாமல்.

"அப்ப காலு எதுக்குக்கா?"

எடுக்காமல் விட்டால் வழியே இல்லை என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. ரிப்போர்ட்டை மடித்தேன். நைனா ரிப்போர்ட்டை வாங்கித் திருப்பி, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.