கறுப்பு முடிச்சைப் படம் பிடித்த சாருக்கு

சார்,

இன்று காலை உங்கள் கேமரா உறையின் ஜிப்பைத் திறந்தேன். தைல வாசனை குப்பென்று வந்தது. தலைவலி என்று நெற்றியில் தேய்த்த விரலோடே பொத்தானை அழுத்துவீர்களே, அந்த வாசனை உறைக்குள் இன்னும் குடியிருக்கிறது. "அவர் பொருள் அலமாரியில தூங்க வேணாம், வேலை செய்யட்டும்" என்று சொல்லி உங்கள் வீட்டு அம்மா இதை என்னிடம் கொடுத்தார்கள். வேலை செய்கிறது சார். வாசனை மூக்கில் ஏறியதும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. எனக்கு எழுத வருகிறது என்பதுதான் முதல் சேதி! நம்புவீர்களா? மெதுவாகத்தான் வருகிறது. நான் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் என் மகள் செல்வி சோறு வடித்து இறக்கிவிடுகிறாள். ஆனால் வருகிறது.

கடல் ஊருக்குள் புகுந்த வருடத்துக்கு அப்புறம் எனக்குப் படகும் இல்லை, முட்டியும் மடங்கவில்லை. சேலையூருக்கு மகள் வீட்டோடு வந்துவிட்டேன். கை சும்மா இருக்குமா? வலை பின்னுகிற ஊசியால் பருத்தி நூலில் பை பின்னி, கேம்ப் ரோட்டில் பிரௌசிங் சென்டரின் காம்பவுண்டுச் சுவரில் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பேன். நீங்கள் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு பேச அந்த சென்டருக்குத் தினமும் வருவீர்கள். ஒருநாள் வெளியே வந்து, ஒரு பையை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தீர்கள்.

"எவ்ளோ தாங்கும்ணா?"

"சுறாவத் தாங்குற முடிச்சு சார் இது. உன் கத்திரிக்காயத் தாங்காதா?"

சிரித்துக்கொண்டே ஒன்று வாங்கிப் போனீர்கள். மறுநாள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "ரோட்டுல போறவங்க மட்டும் பார்த்தா போதுமா? உலகமே பாக்கற மாதிரி பண்ணலாம்ணா" என்றீர்கள்.

அப்போது வீட்டில் என் நிலைமை என்னவென்று உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை நல்லவர். அஸ்தினாபுரத்தில் ஒரு பிளாட்டில் எனக்கு வாட்ச்மேன் வேலை பேசி வைத்திருந்தார். சட்டைகூட வந்து, விசிலோடு ஆணியில் தொங்கியது.

"இன்னா மாமா, வாட்ச்மேன்னா கேவலமா?"

"கேவலம் இல்ல மாப்ள. முழிச்சிகினு இருக்கறது எனக்குப் பழக்கந்தான். கை சும்மா கெடக்குமே, அதான் பேஜாரு."

"கை பின்னிகினே இருந்தா மட்டும் வூட்டுக்கு அரிசி வந்துடுதா?"

சுவரில் தொங்கிய பைகளில் புழுதிதான் சேர்ந்தது. நீங்கள் வீடு தேடி வந்து எனக்காகப் பேசினீர்கள். "ஆடி முடியற வரைக்கும் விடறேன் சார். ஆவணி பொறந்தா மாமா வேலைக்குப் போயிடணும்" என்று மாப்பிள்ளை கெடு வைத்தார். ஆடிக்குள் என் கைவேலை ஓட வேண்டும். ஓடாவிட்டால் நான் பிளாட் கேட் ஓரத்தில் நிற்க வேண்டும்.

ஆனால் உலகமே பார்க்கும் என்று நீங்கள் சொன்னதும் கறுப்பு நூலைத் தேடி எடுத்தேன். எங்கள் வீட்டில் புது வலை முடிந்தால், ஓரத்தில் கறுப்பு நூலில் ஒரு முடிச்சு போடாமல் கடலுக்குக் கொண்டுபோக மாட்டோம். கரையில் நிற்பவர்கள் கண் படக்கூடாது என்பதற்காக. கரைக்கே ஒரு முடிச்சு என்றால் உலகத்துக்கு? ஒவ்வொரு பையிலும் நெல்லிக்காய் பருமனில் கறுப்பு முடிச்சு போட்டு வைத்தேன். கேமராவோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டீர்கள்.

"என்னண்ணா இது, பை மேல கரப்பான்பூச்சி மாதிரி?"

"திருஷ்டிக்கு சார்."

"ஃபோட்டோவுக்கு ஏதுண்ணா திருஷ்டி?"

"நீதான சொன்ன, ஒலகமே பாக்கும்னு. அத்தினி கண்ணு சார்!"

"சரி, அவுத்துடுங்க. படம் எடுத்ததும் திருப்பிக் கட்டிக்கலாம்."

"பாக்கறப்ப இல்லாம, பாத்தப்பறம் கட்டி இன்னா பிரயோஜனம்?"

நீங்கள் தைல பாட்டிலைத் திறந்தீர்கள். கடைசியில் முடிச்சுகளைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துப் படம் பிடித்தீர்கள். இணையத்தில் நமக்கென்று ஒரு பக்கம் திறந்து, படங்களை ஏற்றி, ஆங்கிலத்தில் பெரிய பெரிய வார்த்தைகளாகப் போட்டு எழுதினீர்கள். நண்பர்கள் கூடிப் பேசுகிற இன்னொரு தளத்திலும் சொல்லிவைத்தீர்கள். உங்கள் பழைய ஆபீஸ்காரர்கள் எல்லாரும் வந்து 'சூப்பர்' என்று எழுதினார்கள்.

"சூப்பர்னா இன்னா சார், வேணும்னு சொல்றாங்களா?"

"வேணாம்னு மரியாதையா சொல்றாங்கண்ணா."

பிறகு ஒருநாள் என்னைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, தேடுகிற பெட்டியில் பை என்று ஆங்கிலத்தில் தட்டிக் காட்டினீர்கள். யார் யாரோ விற்கிற பைகள் வந்து விழுந்தன. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று தள்ளிக்கொண்டே போனீர்கள். நம் பக்கம் வரவே இல்லை.

"கேம்ப் ரோட்டுலயே கடை போட்டுட்டோம்னு நெனச்சேண்ணா. பார்த்தா நம்ம கடை சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி எங்கயோ பொட்டல்ல இருக்கு."

"அங்க பஸ்ஸு கீதா சார்?"

"அதான் இல்ல. ஜனங்க என்ன வார்த்தையத் தட்டித் தேடறாங்களோ, அதான் பஸ்ஸு. அந்த வார்த்தை நம்மகிட்ட இல்ல. நிக்காம போயிடுது."

எந்த வார்த்தை என்று உங்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆடிக் காற்று சுவரில் இருந்த பைகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. ஒரு படத்தில் மட்டும் முடிச்சு திரும்பி எட்டிப் பார்த்துவிட்டது. "அந்தக் கறுப்பு என்ன, கிழிசலா?" என்று படத்தின் கீழே ஒரு அம்மா கேட்டிருந்தார். "பாத்தீங்களா, அப்பவே சொன்னேனே!" என்று என்மேல் பாய்ந்தீர்கள்.

"கேட்டுட்டாங்க இல்ல? இன்னாத்துக்குனு சொல்லிடு சார்."

நான் சொல்லச் சொல்ல, தமிழிலேயே தட்டினீர்கள். புது வலை, கரையில் நிற்பவர்கள், கண் திருஷ்டி, எங்கள் வீட்டில் எந்தக் கையால் முடிச்சு போடுவார்கள் என்பது வரைக்கும் எழுதினீர்கள். என் பேச்சைத் திருத்தப் போனவர், விரலை எடுத்துவிட்டு, "வேணாம், இப்படியே இருக்கட்டும். நீங்க பேசற மாதிரியே கேக்குது" என்றீர்கள்.

அதோடு அதை நான் மறந்துவிட்டேன். ஆடி முடியப் போகிறது. வாட்ச்மேன் சட்டையைச் செல்வி இஸ்திரி போட்டு வைத்தாயிற்று. நான் சுவரோரம் நூலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சென்டர் கதவை இடித்துத் திறந்துகொண்டு, செருப்புகூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடி வந்தீர்கள் சார்!

"அண்ணா! கேம்ப் ரோட்டுக்கு வந்துட்டோம்ணா! மொத பக்கம்! மொத பக்கத்துலயே நிக்கறோம்!"

ரோட்டில் போன டூவீலர்க்காரர் ஒருவர் என்னமோ ஏதோ என்று பிரேக் போட்டார். விஷயம் இதுதான். ஆவணியில் கிரகப்பிரவேசங்கள் வரிசையாக வரும். தாம்பரத்தைச் சுற்றி எங்கே பார்த்தாலும் புதுப் பிளாட்டுகள். குடிபோகிறவர்கள் 'கண் திருஷ்டி' என்று தமிழில் தட்டித் தேடியிருக்கிறார்கள். அப்போது தமிழில் அதைப் பற்றி எழுதியவர்கள் அதிகம் இல்லை போலிருக்கிறது. நம் பக்கம் மேலே வந்து நின்றுவிட்டது. "வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கவிட இதே மாதிரி வலை கிடைக்குமா? கறுப்பு முடிச்சோடு வேண்டும்" என்று ஒருவர் கேட்டிருந்தார். இன்னொருவர், "போன வீட்டில் கயிறு அறுந்து பூசணிக்காய் மாமியார் காலடியில் விழுந்துவிட்டது. உங்கள் முடிச்சு தாங்குமா?" என்று கேட்டிருந்தார்.

"சுறாவப் பத்தி எழுதட்டுமாண்ணா?"

"எழுது சார்!"

பையை ஓரமாக வைத்துவிட்டுப் பூசணிக்காய்க்கு வலை பின்ன ஆரம்பித்தேன். மார்க்கெட்டிலிருந்து ஒரு பூசணிக்காய் வாங்கி வந்து அளவு பார்த்தோம். இந்தத் தடவை படம் எடுக்கும்போது முடிச்சை முன்னால் திருப்பி வைத்தீர்கள். "இன்னும் கொஞ்சம் பெருசா தெரியட்டும்ணா" என்றீர்கள். கரப்பான்பூச்சி என்று சொன்ன அதே வாய்!

ஆவணி பிறந்தது. மாப்பிள்ளை ஆணியைப் பார்த்தார். வீடு முழுக்கப் பரவிக் கிடந்த நூலைப் பார்த்தார். காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசற்படியிலேயே நின்று, "மாமா, எங்க ஆபீஸ்ல ஒருத்தரு வூடு கட்டிகினு கீறாரு. அவருக்கும் ஒண்ணு வேணுமாம்" என்றார். சட்டையை மடித்து அவரே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். விசில் மட்டும் எப்படியோ இங்கேயே தங்கிவிட்டது. வற்றல் காயும்போது செல்வி அதை ஊதிக் காக்காய் விரட்டுகிறாள்.

அதற்கப்புறம் தினமும் கேள்விகள். "வாங்கறாங்களோ இல்லையோ, கேட்டவங்களுக்குப் பதில் சொல்லணும்ணா" என்பீர்கள். அவர்கள் குடிபோகிற அன்றைக்கு மழை வருமா என்று கேட்டாலும் உட்கார்ந்து பதில் எழுதுவீர்கள். எனக்குச் சில நேரம் சிரிப்பாக இருக்கும்.

போன மார்கழியில் நீங்கள் போய்விட்டீர்கள். அதை இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

காரியம் முடிந்து சென்டருக்குப் போய் உட்கார்ந்தேன். திரையில் கேள்விகள் வரிசையாக நின்றன. கடை வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள், கடைக்காரனுக்கு அவர்கள் பேசுவது புரியவில்லை என்ற கதைதான், எனக்குப் படிக்கத் தெரியாதே. செல்வியிடம், "நீ படிச்சிச் சொல்லாத. எனக்குப் படிக்கக் கத்துக்குடு" என்றேன். அந்தக் கேள்விகளையே பிரிண்ட் எடுத்து வந்தோம். அதுதான் என் பாடம். எல்லாரும் அ, ஆ என்று தொடங்குவார்களாம். நான் 'வி'யில் தொடங்கினேன் சார். விலை என்ன? எல்லாரும் அதைத்தானே கேட்கிறார்கள்! அடுத்தது 'எப்போது கிடைக்கும்'. இந்த 'ழ' மட்டும் இன்னும் என்னோடு மல்லுக்கு நிற்கிறது. ஒருநாள் நடந்து வரும்போது தலையைத் தூக்கிப் பார்க்கிறேன், கேம்ப் ரோடு முழுக்க எழுத்து! மருந்துக் கடை, தையல் கடை, டியூஷன், எல்லாம் பேசுகிறது. ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டு வந்தேன். செல்வி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

இன்று படம் ஏற்ற சென்டருக்குப் போனபோது புதிதாக ஒரு அம்மாவின் கேள்வி இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். "வீடு குடிபோகும்போது என் சந்தேகத்துக்கெல்லாம் ஒரு சார் பொறுமையாகப் பதில் எழுதுவார். அவர் இப்போது எழுதுவதில்லையா?" விலை கேட்கவில்லை சார். உங்களைக் கேட்கிறார். இரண்டு தடவை படித்தேன், தப்பாகப் படித்துவிட்டேனோ என்று.

சென்டரில் வேலை செய்யும் பெண் எட்டிப் பார்த்து, "நான் அடிக்கட்டுமா தாத்தா?" என்றாள்.

"வேணாம்மா. என்னையக் கேட்டு கீறாங்க."

ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினேன். "சார் காலமாகிவிட்டார். இப்போது நான்தான் பதில் எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுதுவேன். கேளுங்கள்."

அந்த அம்மா உடனே எழுதினார். முதலில் உங்களுக்காக இரண்டு வரி. அப்புறம், "மெதுவாகவே எழுதுங்கள் ஐயா. திருஷ்டிக்குப் படிகாரம் தொங்கவிடச் சின்னதாக ஒரு வலை பின்னுவீர்களா?" என்று கேட்டார்.

பின்னுவேன் என்று எழுதினேன் சார். ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை.