வண்டிப் படமும் பார்க்கிங் ஏற்றமும்

மாரெட்பள்ளி,
ஞாயிற்றுக்கிழமை மதியம்

அன்பு மகள் ஷோபாவுக்கு அம்மா எழுதுவது.

மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், நம் சிவப்பு வண்டியும் சுகம். அந்தக் குளிர் ஊரில் நீ எப்படி இருக்கிறாய், சளி விட்டதா, காலையில் ஏதாவது வயிற்றுக்குப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாயா இல்லை வெறும் காபியோடு ஓடுகிறாயா? வண்டியின் சுகத்தை ஏன் இந்த அம்மா சேர்த்து எழுதுகிறாள் என்று நினைப்பாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லியிருப்பேன், ஆனால் நான் வாயைத் திறந்தால் உன் அப்பா போனைப் பிடுங்கி, என்னவோ அவரே ஓட்டிய மாதிரி கதை அளக்க ஆரம்பித்துவிடுவார். பூசை முடிந்து வந்து ஆட்டுக்கறிக் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு இப்போது குறட்டை விடுகிறார், அதனால் நிம்மதியாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

கண் டாக்டர் இனிமேல் ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்று சொன்னதிலிருந்து அப்பா எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியும். நான் ஓட்டாத வண்டி வாசலில் எதற்கு என்று ஒரே பிடிவாதம். பாலாநகரில் வேலை பார்க்கும் சரத், அதுதான் அப்பாவின் ஆபீஸ் சிநேகிதர் மகன், அவனிடம் பேசி முடித்து, இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் வந்து எடுத்துக்கொள் என்றும் சொல்லிவிட்டார். நீயும் அவரோடு சேர்ந்துகொண்டு, கேப்ல போய்ட்டு வாங்கம்மா, என்ன கஷ்டம் என்றாய். என்ன கஷ்டம் என்று நான் சொல்கிறேன் கேள். போன மாதம் கண் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தால் கொட்டுகிற மழை. கேப் வருகிறேன் வருகிறேன் என்று கேன்சல் ஆகிக்கொண்டே இருக்கிறது. ஆட்டோக்காரனைக் கூப்பிட்டால் ‘நக்கோ’, வேண்டாம் என்று ஒரே வார்த்தை, நிற்கக்கூட இல்லை. சொட்டு மருந்து விட்ட கண்ணோடு உன் அப்பா ஒன்றும் தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நனைகிறார். எனக்கு வந்ததே ஒரு ரோஷம்! வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டின கையோடு, வண்டியை விற்கக் கூடாது, நான் ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீயா, கிரைண்டர் சுவிட்சைப் போடவே ரெண்டு தரம் யோசிப்பியே என்று சிரித்தார். நீ நச்சரித்து எடுக்க வைத்த லைசென்ஸ் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது வாஸ்தவம்தான், அதற்காக இப்படியா சிரிப்பது?

சரி, எங்கே பழகுவது? அப்போதுதான் உன் அறையில் நீ விட்டுவிட்டுப் போன அந்த கார் கேம் ஸ்டீயரிங் கண்ணில் பட்டது. கீழ் வீட்டு சபீனாதான், அந்த வாணியம்பாடிப் பெண், டிவியில் இணைத்துக் கொடுத்தாள். ஷோபா, என்ன சொல்ல, அப்படி ஒரு குஷி! முதல் நாள் பிளாட்பாரத்தில் ஏறினேன், விளக்குக் கம்பத்தைச் சாய்த்தேன், பழக்கடைக்குள் புகுந்தேன், கடைசியில் பாலத்திலிருந்து நேரே கடலுக்குள். கொஞ்ச நேரத்தில் வண்டி பளபளவென்று திரும்பவும் ரோட்டில் நிற்கிறது, திட்ட ஒரு ஆள் இல்லை. வாழ்க்கையில் ஒரு டம்ளரைக்கூட உடைக்காதவள் நான், பஸ்ஸை இடித்துத் தள்ளிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். அடுப்பில் சாம்பார் அடிபிடித்தது தெரியவில்லை. நீ பரீட்சை நேரத்தில் இதன் முன்னாலேயே கிடந்தாய் என்று அத்தனை திட்டினேனே, அதில் பாதியை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பாதிதான்.

அந்தத் தைரியத்தில் டிரைவிங் ஸ்கூல் லலிதாவிடம் போனேன். முதல் திருப்பத்தைப் பார்த்ததும், கை நன்றாக வருகிறதே மேடம் என்று மெச்சினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த சிக்னலிலேயே மானம் போயிற்று. உன் கேமில் மிதிக்க இரண்டுதான், இங்கே மூன்று! கிளட்ச் என்று ஒன்று இருப்பதையே என் இடது கால் மறந்துவிட்டது. வண்டி குதித்துக் குதித்து நின்றது, பின்னால் இருந்தவர்கள் என் பரம்பரையையே தெலுங்கில் விசாரித்தார்கள். அந்த கேமில் இன்னொரு மோசடியும் உண்டு. அதில் ஆட்டோவே கிடையாது. காலை வெளியே நீட்டிவிட்டு வலது பக்கம் திரும்புகிற ஆட்டோவை வைக்காமல் அதற்கு என்ன பெரிய ரேஸ் என்று பெயர்? லலிதாதான் பொறுமையாகத் தினமும் காலையில் கூட்டிப்போய் என் காலைப் பழக்கினாள். ஏற்றத்தில் வண்டி எடுப்பது மட்டும் கடைசிவரை எனக்குப் படியவில்லை.

நேற்று சனிக்கிழமை. அந்த வண்டிப் படத்தின் புதுப் பாகம் வந்திருக்கிறது. ஒவ்வொரு பாகத்தையும் முதல் வாரமே பார்ப்பது நம் வீட்டு வழக்கம், நீ இல்லை என்று விட முடியுமா? ரோட்டில் சைக்கிளுக்குக்கூட வழிவிடுகிற உன் அப்பா, அந்தப் படத்தில் கார் பறந்தால் விசில் அடிப்பார் பார், அதற்காகவே நான் போவேன். மாலுக்கு நான் ஓட்டுகிறேன் என்றேன். அவர், ஒரு கீறல் இல்லாமல் போய்த் திரும்பினால் சரத்திடம் இல்லை என்று சொல்லிவிடுகிறேன், வழியில் வேறு யாரிடமாவது ஸ்டீயரிங்கைக் கொடுத்தாயானால் வண்டி நாளைக்கே போகும் என்றார். சரி என்றேன். துணைக்கு சபீனா பின்சீட்டில். போகும்போது ஒரு குறையும் இல்லை, மூன்றாவது பேஸ்மென்ட் வரை சுற்றிச் சுற்றி இறங்கி அழகாக நிறுத்தினேன்.

படமா? சுத்தத் தண்டம். கப்பலிலிருந்து கார் பாய்கிறது, ரயில் கூரைமேல் ஓடுகிறது, எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்தது என்று பளிச்சென்று தெரிகிறது. மிச்ச நேரமெல்லாம் இருட்டுக் கிடங்கில் நின்றுகொண்டு பாசத்தைப் பற்றிப் பிரசங்கம். வில்லன் கடைசியில் சொந்தக்காரனாம். அப்பா இடைவேளைக்குப் பிறகு தூங்கிவிட்டார், ஒரு விசில் இல்லை. ஆண்ட்டி, ஹீரோ சட்டைகூட கசங்கலையே, அவன் கைக்கு டரனும், நாம கைக்கு டரனும் என்று சபீனா கொட்டாவி விட்டாள். அவன் எதற்குப் பயப்படணும், நாம் எதற்குப் பயப்படணும் என்று அவள் பாஷையில் அர்த்தம்.

டரவேண்டிய இடம் வெளியே காத்திருந்தது. படம் விட்டதும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் வண்டியை எடுக்க, மேலே வாசலில் சீட்டு வாங்கும் மெஷின் மக்கர் செய்ய, அந்தச் சுற்றுப் பாதையின் நட்ட நடு ஏற்றத்தில் எல்லா வண்டியும் நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் யானை மாதிரி ஒரு பெரிய கறுப்பு வண்டி, நடுவில் கை நுழையாது. முன் வண்டி நகர்ந்தது. நான் எடுத்தேன், இன்ஜின் அணைந்தது. மறுபடி எடுத்தேன், பின்னால் வழுக்கி மயிரிழையில் நின்றது, கறுப்பு வண்டிக்காரன் அலறினான். ஹார்ன் என்றால் அப்படி ஒரு ஹார்ன், சுவரில் பட்டு மண்டைக்குள் அடிக்கிறது. எனக்கு அழுகை வருகிறது. செக்யூரிட்டி ஓடிவந்து கண்ணாடியைத் தட்டி, ‘நேனு தீஸ்தானு மேடம்’, நான் எடுத்துத் தருகிறேன் என்கிறான். அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தவர் அதை நிறுத்திவிட்டு, அந்தப் பையனிடம், வேண்டாம்ப்பா, அவங்களே எடுப்பாங்க என்றார். சரத்துக்கு விற்றுவிட எவ்வளவு நல்ல சாக்கு, அதை அவரே தள்ளிவிட்டாரடி! டரனா நக்கோ ஆண்ட்டி, ஆராம்சே, பயப்படாம மெதுவா எடுங்க என்றாள் சபீனா. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தேன், கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன், வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கியது, ஆக்சிலரேட்டரைக் கொடுத்து பிரேக்கை விட்டேன். ஏறிற்று! வழியில் இன்னும் எத்தனையோ தடவை நின்றோம், ஒவ்வொரு தடவையும் ஏறிற்று! மேலே வெயிலுக்கு வந்ததும் அப்பா அடித்தார் பார் ஒரு விசில், படத்தில் மிச்சம் வைத்ததெல்லாம் சேர்த்து.

அங்கேயே, சீட் பெல்ட்டைக்கூட அவிழ்க்காமல் போனை எடுத்தார். தம்பி சரத், மன்னிச்சுக்கோப்பா, வண்டி விக்கிறதில்ல, எங்க வீட்ல ஓட்டறவங்க இருக்காங்க என்றார். ரோட்டில் யாருமே குறுக்கே வரவில்லை, சும்மா சந்தோஷத்துக்கு நீளமாக ஒரு ஹார்ன் அடித்தேன். பிறகு இரானி சாயும் உஸ்மானியா பிஸ்கட்டும் அவர் செலவு. இன்றைக்குக் கோயிலுக்கும் நான்தான் ஓட்டினேன். சாமியாரில் ஆரம்பித்து பூக்காரம்மா வரை ஒருவர் விடாமல் நிறுத்தி அப்பா அதைச் சொன்னார். இத்தனை நாளாக அந்தப் பக்கத்து சீட்டில் உட்காரத்தான் அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது, எனக்கு இப்போதுதான் புரிகிறது.

நீ பனியில் வேகமாக ஓட்டாதே. அந்த நாட்டில் ஏற்றத்தில் பனி இருந்தால் என்ன செய்வார்கள் என்று விசாரித்து எழுது, தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. தலைக்கு எண்ணெய் வை. ஆண்டவர் உன்னை ஆசீர்வதித்து, போகிற வழியெல்லாம் தன் தூதரான காவல் சம்மனசைத் துணைக்கு அனுப்புவாராக. ஒன்றே ஒன்று மறக்காதே. டிசம்பரில் வரும்போது ஏர்போர்ட்டிலிருந்து வழக்கம்போல கேப் புக் பண்ணிவிடாதே. வெளியே வந்து சிவப்பு வண்டியைத் தேடு. முன்சீட் அப்பாவுக்கு, அவர் விட்டுக்கொடுக்க மாட்டாராம். நீ பின்னால் ஏறிக்கொள், உன்னை வீட்டுக்குக் கூட்டிவருவது நான்.

உன் அம்மா,
ஆரோக்கியமேரி சூசைராஜ்