அம்மாவின் ரேடியோ கப்பலேறிய விவரம்

அன்பு மகளுக்கு,

நான் சௌகரியமாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் நன்றாக இருப்பதாக ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதை நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்தேன், ஆனாலும் உன் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது, சளி என்றால் வெந்நீர் குடி, வேலைக் களைப்பு என்றால் இரண்டு நாள் லீவு போடு. அம்மாவின் ரேடியோ நேற்றுக் காலை கிளம்பிவிட்டது. வந்து சேர ஏழு வாரம் ஆகுமாம். கடிதம் அதற்கு முன்பே உன் கைக்கு வந்துவிடும், பெட்டியைப் பிரிப்பதற்குமுன் இதை ஒரு முறை படித்துவிடு, போனில் சொன்னால் பாதியை நான் விட்டுவிடுவேன், மீதியை நீ மறந்துவிடுவாய்.

அதை மூட்டை கட்ட நான் பட்ட பாட்டை அம்மா இருந்து பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். ரேடியோ கம்பெனியில் இருபது வருஷம் சோதனை மேஜையில் உட்கார்ந்தவள், வீட்டு ரேடியோவின் பின்பலகையைக்கூட என்னைத் தொட விட்டதில்லை. "நீங்க துணியோட நிறுத்திக்குங்க" என்பாள். அந்தப் பேச்சை மீறித்தான் முதலில் நானே கட்டினேன். மூன்று போர்வை, பழைய மெத்தையிலிருந்து எடுத்த பஞ்சு, மேலே கனமான அட்டைப் பெட்டி, நாலு பக்கமும் கயிறு. நாற்பது வருஷம் தைத்தவனுக்கு ஒரு பெட்டிக்கு உறை போடத் தெரியாதா என்ற மிதப்பு. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பார்சல் ஆபீசுக்குப் போனால் அங்கே கவுன்டரில் இருக்கும் பெண், உன் வயதுதான் இருக்கும், பெட்டியை மெதுவாகச் சாய்த்துக் காதை வைத்துக் கேட்டது. "உள்ள ஏதோ நகருதுங்க ஐயா. இதை நான் எடுத்துக்கிட்டா உடைஞ்சுதான் போய்ச் சேரும்." எனக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்கு என்னம்மா தெரியும், இது எங்கள் வீட்டுச் சாமான் என்று நாலு பேர் முன்னால் சத்தம் போட்டேன். அந்தப் பெண்ணே எழுந்து வந்து பெட்டியை ஆட்டோவரை தூக்க ஒரு கை கொடுத்தது. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவோடு வேலை பார்த்த கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டேன், உனக்கு நினைவிருக்கும், சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர். பிரித்துப் பார்த்தால் பஞ்சு அழுந்திப்போய் ரேடியோ ஒரு மூலையில் குத்திக்கொண்டு நிற்கிறது. உள்ளே டிரான்ஸ்பார்மரைப் பிடித்திருக்கும் நாலு போல்ட்டில் இரண்டு தளர்ந்து கிடந்தன. மொத்த எடையில் பாதி அந்த இரும்புக் கட்டிதான். கப்பலில் அது பிய்த்துக்கொண்டு வந்திருந்தால் பல்பு மாதிரி இருக்கும் கண்ணாடி வால்வு ஆறும் தூள், அம்மா கையால் பற்றவைத்த ஒயர் எதுவும் மிஞ்சியிருக்காது என்றார். அவர் போல்ட்டுகளை முடுக்கி, வால்வுகளை ஒவ்வொன்றாக ஆட்டாமல் நேராக உருவிக் கொடுத்தார். நான் ஆறுக்கும் ஆறு பை தைத்தேன், பஞ்சு வைத்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலால் எண் போட்டு. அதே எண்ணை உள்ளே அதனதன் குழியருகில் அவர் பென்சிலால் எழுதியிருக்கிறார். முன்பக்கக் கண்ணாடியில் ஒட்டுநாடா ஒட்டப் போனேன், ஸ்டேஷன் எழுத்தெல்லாம் நாடாவோடு உரிந்து வந்துவிடும் என்று கையைத் தட்டிவிட்டார், அதனால் வெறும் அட்டைதான் வைத்துக் கட்டியிருக்கிறோம். திருகும் குமிழ்கள் என் பட்டன் டப்பாவில், பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. தச்சரிடம் சொல்லிப் பலகைப் பெட்டி செய்து, கெட்டி ஸ்பாஞ்சை அளவெடுத்து வெட்டி, அதை இன்னொரு பெரிய பெட்டிக்குள் நாலு விரல் இடைவெளி விட்டு இறக்கி, அந்த இடைவெளியையும் ஸ்பாஞ்சால் அடைத்தோம். ஆயுசு முழுக்க கொஞ்சம் லூசாகத் தையுங்கள் என்று கேட்டவர்களுக்கே தைத்துவிட்டு, இப்போதுதான் இம்மியும் அசையாத ஒரு உடுப்பு தைத்திருக்கிறேன். நேற்றுக் கொண்டுபோனபோது முதல் வேலையாக அந்தப் பெண்ணிடம், அன்றைக்கு நான் பேசியது தப்பும்மா என்று சொன்னேன். அது தலையை ஆட்டிவிட்டு, பெட்டியைச் சாய்த்துக் காதை வைத்துக் கேட்டது. பிறகு சீட்டை எழுதியது.

மூன்று நாள் வீட்டில் ஆள் நடமாட்டம் இருந்தது. கண்ணாடிக்காரர் வருவார், தச்சர் வருவார், ஸ்பாஞ்சு கடைக்காரர் அளவு கேட்டுப் போன் பண்ணுவார். இப்போது யாரும் வர வேண்டிய வேலை இல்லை. மேஜையில் ரேடியோ இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் கறுப்பாகத் தெரிகிறது, துடைத்துப் பார்த்தேன், அது அழுக்கு இல்லை. கண்ணாடிக்காரர் தன்னிடம் ஒரு பிளாஸ்டிக் ரேடியோ சும்மா கிடக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். அது போட்டவுடன் பேசுகிறது.

உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். ரேடியோவை அனுப்பச் சொன்ன அன்றைக்கு, "நீங்க அதைப் போட்டுக் கேக்கறீங்களாப்பா, கேட்டா அனுப்ப வேண்டாம்" என்று நீ போனில் கேட்டபோது, யார் தொடுகிறார்கள், தூசி படிந்து கிடக்கிறது என்றேன். தினமும் சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் அதைத்தான் போடுவேன். வால்வு சூடேறிச் சத்தம் வர அரை நிமிஷம் ஆகும். யார் வந்தார்கள், என்ன தைத்தேன், நீ போன் பண்ணினாயா என்பதையெல்லாம் அந்த அரை நிமிஷத்துக்குள் அம்மாவிடம் சொல்லிவிடுவேன். பாட்டு வந்த பிறகு எனக்கு அதில் வேலை இல்லை, பல நாள் அணைத்தும் விடுவேன். இதைப் படித்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறேன் என்று கிளம்பாதே. ஊரைவிட்டுப் போன இந்தப் பதினொரு வருஷத்தில் நீ என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான், அதற்கும் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். சின்னவளுக்கு என் முத்தம். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நெடுங்காலம் இருங்கள். பெட்டி வந்ததும் ஒரு நாள் பிரிக்காமல் வை, குளிர் விடட்டும், பிறகு எண் பார்த்து வால்வுகளைக் குழியில் பொருத்து. அங்கே மின்சாரம் எத்தனை வோல்ட் என்று விசாரித்து, பின்னால் உள்ள திருகை அதற்குத் திருப்பிய பிறகே பிளக்கைச் சொருகு. போட்டதும் சத்தம் வரவில்லையே, பழுதாகிவிட்டதோ என்று பதறிப் போய்விடாதே. அரை நிமிஷம் அதன் பக்கத்திலேயே நில்லம்மா.

உன்
அப்பா